பதினாறாவது வார்த்தை

ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைக்கும் அந்த லாண்டரியில் எல்லோரும் அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம், கேலிதான். நாற்பத்தாறு வயதில், ஒரு நாளைக்கு எண்ணூறு படுக்கை விரிப்பு மடிக்கிற ஒருத்தி, ஆன்லைனில் உளவியல் பட்டம் படிக்கிறாள் என்றால் சும்மா விடுவார்களா? "டாக்டரம்மா, என் மனசுல என்ன இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்" என்பார் பாய்லர்காரர். "சாப்பாட்டு மணி எப்ப அடிக்கும்னு இருக்கு" என்பாள் அவள், விரிப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே. பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

ஏழு வருடத்துக்கு முன் கூட வேலை பார்த்த ஒரு பெண் துணிக்கிடங்கில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அழுதாள். இவள் பக்கத்தில் நின்றாள், தண்ணீர் கொடுத்தாள், என்ன பேசுவதென்று தெரியவில்லை. மறுநாள் அந்தப் பெண் வேலைக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. அந்த ஒரு மணி நேரம்தான் இவளைப் படிப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

மூன்று வருடப் படிப்பு. எவ்வளவு இழுத்தாலும் ஆறு வருடத்துக்குள் முடித்தாக வேண்டும். இது ஆறாவது வருடம். எல்லாப் பாடமும் தேறியாகிவிட்டது. பாக்கி ஒரே ஒரு செய்முறை அறிக்கை. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் அதை அனுப்பாவிட்டால் இத்தனை வருடமும் விழலுக்கு இறைத்த நீர்.

சோதனை எளிமையானது. பதினைந்து அட்டைகள், அட்டைக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொன்றாகக் காட்டி முடித்ததும், ஞாபகம் இருப்பதை ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். பத்துப் பேருக்கு அமைதியான துணிக்கிடங்கில், பத்துப் பேருக்கு ஓடுகிற மெஷின்களுக்கு நடுவில். சத்தத்தில் ஞாபகம் குறைகிறதா என்று பார்ப்பது. கிடங்குக்காரர்களைச் சனிக்கிழமையும், மெஷின்காரர்களைத் திங்கட்கிழமையும் உட்கார வைத்தாள். எல்லோரும் கூட வேலை பார்க்கிறவர்கள்தான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டில் பெட்டியைத் திறந்தாள். கிடங்குத் தாள்களில் ஏழு, எட்டு, ஆறு என்று ஒழுங்காக இருந்தது. மெஷின் தாள்களில் பதினைந்து, பதினைந்து, பதினான்கு, மறுபடி பதினைந்து. காதைப் பிளக்கிற சத்தத்தில் எல்லோரும் மேதையாகியிருந்தார்கள். பாய்லர்காரர் ஒருபடி மேலே போய்ப் பதினாறு எழுதியிருந்தார். பதினாறாவது வார்த்தை, விளக்குமாறு.

அட்டையில் விளக்குமாறே கிடையாது. அடுத்த தாளிலும் விளக்குமாறு. மொத்தம் ஏழு பேர் விளக்குமாறு எழுதியிருந்தார்கள்.

அவள் எழுந்துபோய்ச் சமையலறை மேஜையில் கிடந்த தாளை எடுத்தாள். அட்டை எழுதுவதற்கு முன் அவள் போட்டுவைத்த பட்டியல். பதினைந்து வார்த்தை, அதற்குக் கீழே, கடையில் வாங்க மறக்கக் கூடாது என்று அவளே கிறுக்கிய விளக்குமாறு.

வேறு யார்? நாத்தனார்தான். அதே வீடு, அதே லாண்டரி. அவளுக்கு அங்கே ரேடியோ என்று பெயர். ஒரு காதில் விழுந்தால் பத்து வாய்க்குப் போய்விடும். சோதனைக்கு மட்டும் வரமாட்டேன் என்று ஆரம்பத்திலேயே ஒதுங்கிக்கொண்டவள்.

"ஞாயித்துக்கிழமை இந்தத் தாளைப் பாத்தியா?"

ரேடியோ மறைக்கவில்லை. "பாத்தேன் அண்ணி. எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தேன். சனிக்கிழமை உக்காந்தவங்க பாதிகூட எழுதலைன்னு புலம்பினாங்க. இதுங்க கம்மியா எழுதினா உனக்குல்ல மார்க்கு போயிடும்? நீ தோத்துடக் கூடாதுன்னுதான்..."

"எனக்கு யாரும் மார்க்கு எடுத்துத் தர வேண்டாம்! மறந்தா மறந்ததைத்தான் எழுதணும். அதுதான் சோதனையே!" அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ரேடியோவின் முகம் சுண்டிப்போனது. திட்டிவிட்டு இவளும் சந்தோஷமாக இல்லை. பாசம் வைத்துக் கெடுப்பவர்களை என்ன சொல்லித் திட்டுவது?

புருஷன் சமாதானம் சொன்னான். "நம்பரை மாத்திப் போட்டுடேன். யாரு வந்து பாக்கப் போறா?"

வழி சுலபம்தான். லேப்டாப்பில் பதினைந்து என்ற எண்ணில் முன்னால் நிற்கும் ஒன்றை அழித்தால் ஐந்து. ஒரே ஒரு விரல் வேலை. முதல் தாளின் எண்ணில் அழித்தும் பார்த்தாள். ஐந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஐந்தை யார் சொன்னது? கிடங்கில் அழுத அந்தப் பெண்ணைப் போன்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்கத்தானே இந்தப் படிப்பு? சொல்லாததை எழுதிக்கொள்வதற்கு இது எதற்கு? அழித்த ஒன்றைத் திரும்ப அடித்தாள். பிறகு அந்தப் பக்கத்தையே மூடினாள்.

"புதுப் பட்டியல், புது ஆளுங்க, முதல்ல இருந்து" என்றாள். "வெள்ளிக்கிழமை இன்னும் வரலையே."

அன்றே புது அட்டைகள் எழுதினாள். பட்டியலை இடுப்பில் செருகிக்கொண்டாள், தூங்கும்போதுகூட எடுக்கவில்லை. ஏற்கெனவே சோதனைக்கு உட்கார்ந்துவிட்ட லாண்டரிக்காரர்கள் இனி ஆகமாட்டார்கள். ஆனால் துணி கொண்டுவரும் லாரிக்காரர்கள் உண்டு, மெஷின் பழுது பார்க்க வருகிறவர்கள் உண்டு, ஆஸ்பத்திரியிலிருந்து கணக்குப் பார்க்க வருகிறவர்கள் உண்டு. சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுத்து ஒவ்வொருவராகப் பிடித்தாள். "உங்களுக்கு இஷ்டம் இருந்தா மட்டும்தாங்க. நடுவுல வேணாம்னு தோணினா எழுந்து போயிடலாம்" என்று விதிப்படி சொல்லிக் கையெழுத்து வாங்கினாள்.

மூடிய கதவுக்கு வெளியே ரேடியோவைக் காவல் வைத்தாள். திருடன் கையில் சாவி கொடுத்த கதை என்று பாய்லர்காரர் சிரித்தார். ஆனால் அந்தக் காவலை மிஞ்ச ஆளில்லை. எழுதி முடித்து வெளியே வருகிறவனை நேராக லாரியில் ஏற்றிவிட்டுத்தான் அடுத்தவனை உள்ளே விட்டாள். "என்ன கேட்டாங்கன்னு எவன்கிட்டயாவது மூச்சு விட்டே, அடுத்த தடவை உன் மூட்டையை இறக்க மாட்டேன்!"

வெள்ளிக்கிழமை மதியம் பத்தொன்பது பேர் ஆகியிருந்தார்கள். மெஷின் பக்கம் ஒருவர் குறைவு. கடைசி லாரிக்காரர் நாலாவது அட்டையில், "தலை வலிக்குதும்மா" என்று எழுந்து போய்விட்டார். விதிப்படி அவருக்கு அந்த உரிமை உண்டு, இவளால் பிடித்து வைக்க முடியாது. இனி லாரி திங்கட்கிழமைதான். மணி மூன்று. அவள் அட்டைகளை அடுக்கிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோதனைக்கு இன்னும் உட்காராத ஒரே ஆள் கதவருகே காவல் நின்றாள். கேட்கவில்லை. வற்புறுத்தினால் அதுவும் விதி மீறல்.

ரேடியோ தானே உள்ளே வந்தாள்.

"பரீட்சைன்னாலே எனக்குப் பயம் அண்ணி. எட்டாம் வகுப்புல என் மார்க்கை கிளாஸ் முன்னாடி சத்தமா படிச்சாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அதோட பள்ளிக்கூடத்துப் பக்கமே போகலை." இதை வீட்டில் இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. எல்லாவற்றையும் ஒலிபரப்புகிறவள் இதை மட்டும் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். "அதான் அவங்களுக்கும் சொல்லிக் கொடுத்தேன். கம்மியா வாங்கினா சிரிப்பாங்கல்ல?"

டாக்டரம்மா உடனே ஒன்றும் சொல்லவில்லை. அன்று கிடங்கில் நின்றதுபோல வாயடைத்துப்போய் அல்ல. அவள் முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். பிறகு சொன்னாள்: "உனக்கு வேணாம்னா வேணாம். நிஜமாத்தான் சொல்றேன்."

"அட்டையைக் காட்டு" என்று ரேடியோ உட்கார்ந்தாள்.

மெஷின்கள் அலறின. பதினைந்து அட்டைகள் முடிந்தன. ரேடியோ பேனாவைப் பிடித்துக்கொண்டு வியர்த்தாள், எழுதினாள், நிறுத்தினாள், மேலே பார்த்தாள். நேரம் முடிந்ததும் தாளைப் பெட்டியில் போடாமல் அண்ணியின் கையிலேயே கொடுத்தாள்.

"எத்தனை?"

"நாலு."

"ஃபெயிலா?"

"இதுல ஃபெயிலே கிடையாது. இந்தத் தடவை யாரும் பதினஞ்சு எழுதலை. நீ நிஜமா எழுதின இந்த நாலு இருக்கே, இது இல்லாம எனக்குப் பட்டமே கிடையாது."

ரேடியோ தன் தாளைத் திரும்ப வாங்கி எண்ணிப் பார்த்தாள். "அப்ப நாலுன்னே போடு அண்ணி. ஒண்ணுகூடச் சேக்காதே."

நாலு என்றே போட்டாள். ஐந்து நாற்பதுக்கு அறிக்கை போய்ச் சேர்ந்ததாகத் திரையில் செய்தி வந்தது. அவள் லேப்டாப்பை மூடிவிட்டு வெளியே வந்தபோது மடிப்பு மேஜையைச் சுற்றிக் கூட்டம். நடுவில் ரேடியோ, மெஷின் சத்தத்துக்கும் மேலே தொண்டையைத் திறந்து எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பதினஞ்சுக்கு நாலு! நான்தான் நாலு!"