முப்பத்திரண்டும் எண்பதும்

எந்த மாதம் என்பது, அன்று பெட்ரோல் பங்கில் வரிசையில் நின்ற எனக்குச் சரியாக நினைவில்லை. அவள் அன்று முதலில் என்ன சொன்னாள் என்பதிலும் சந்தேகம்தான். எண்கள் மட்டும் மறக்கவில்லை.

பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் வேலை அவளுக்கு. நான்கு வருடங்களுக்கு முன் அவள் புருஷன் பட்டறையொன்றில் மெக்கானிக். ஒருநாள் முதலாளியே அவன் பைக்குக்குக் காற்று வைத்தார். அதற்குச் சற்று முன், படுக்கையும் அடுப்பும் உள்ள ஒரு வீட்டு வண்டிக்காக மெஷினில் காற்றழுத்தத்தை எண்பதில் வைத்திருந்தார், அதைக் குறைக்கவில்லை. முதல் வளைவிலேயே பைக் வழுக்கியது. முழங்காலுக்குக் கீழே கால் போயிற்று. மிஞ்சிய டயரை அவளே அளந்து பார்த்தாள்: எண்பது.

"அவனே அடிச்சுக்கிட்டான், கவனம் கெட்டவன்" என்று முதலாளி ஊரெல்லாம் சொன்னார். அதன்பின் எந்தப் பட்டறையும் அவனைச் சேர்க்கவில்லை. அவள் கறுவிக்கொண்டே இருந்தாள்.

அன்று வந்து நின்ற வீட்டு வண்டியிலிருந்து அதே முதலாளி இறங்கினார். ஓட்டி வந்தது அவர் மகன். முகத்துணி கட்டியிருந்தவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

அவள் மெஷினில் முப்பத்திரண்டு வைத்து, முன் டயரில் குழாயை மாட்டினாள். மெஷின் அந்த அளவுக்குக் குறைக்க, உள்ளே இருந்த காற்று சீறி வெளியேறியது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது.

"ஏம்மா, அறிவிருக்கா? எவ்ளோ வெச்ச?" என்றார் முதலாளி.

"முப்பத்திரண்டு."

"இது என்ன பைக்கா? உள்ள ஒரு வீடே இருக்கு! சூடேறி வெடிச்சிடும். எண்பது வை."

"பைக்குக்கும் எண்பது வைக்கலாமா, பெரியவரே?"

தொழில் தெரிந்த திமிர் அவரைப் பேச வைத்தது. "கல்லு மாதிரி ஆயிடும். ரோட்ல பிடிப்பே இருக்காது. முதல் திருப்பத்துல கவுத்துடும்."

அவள் முகத்துணியை அவிழ்த்தாள். "அப்போ எங்க வீட்டுக்காரருக்கு எதுக்கு எண்பது வெச்சீங்க?"

அவர் வண்டிப் பக்கம் திரும்பினார்.

"யாருப்பா இவங்க?" என்றான் மகன். அவள் குழாயை மாட்டாமல் கையிலேயே பிடித்திருந்தாள்.

"மெஷினை... மாத்த மறந்துட்டேன்."

"காதுல விழல."

"நான்தான் வெச்சேன். அவன் மேல தப்பில்ல."

அதன்பிறகே ஆறு டயருக்கும் எண்பது வைத்தாள். மன்னிக்கவில்லை.

அவர் ஒப்புக்கொண்டது ஊரெல்லாம் பரவியது. மகன் அப்பாவை விட்டுத் தனிக்குடித்தனம் போனான். வீட்டு வண்டி விலை போகாமல் பட்டறை வாசலில் நிற்கிறது. முதலாளி அதிலேயே படுத்துக்கொள்கிறார். அவள் புருஷனுக்கு வேறொரு பட்டறையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைத்தது. அவள் அதே பங்கில் இருக்கிறாள்.