பெட்டிப் பலகைச் சுவர்

1957 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை. மலாக்கா, காஜா பெராங், கம்போங் செட்டியில் பொன்னம்மாவின் வீட்டு அடுப்பில் கையகலப் பலகைத் துண்டு ஒன்று மூன்று மணி நேரம் கொதித்தது.

துண்டைக் கொண்டுவந்தவன் தம்பிராஜா. தெங்கேராவில் ஒரு சீனர் நடத்தும் மரக்கடையில் விற்பனையாளன். மரத்தை ஏடு ஏடாகச் சீவி, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, பசையிட்டு அழுத்திய ஒட்டுப்பலகை அது. அதுவரை ரப்பர் பெட்டிக்கும் தேயிலைப் பெட்டிக்கும் போய்க்கொண்டிருந்த சரக்கு, இப்போது வீடு கட்டவும் கேட்கப்பட்டது. தண்ணீரில் விட்டுப்போகாத புதுப் பசை வந்திருந்தது. அந்தப் பலகையின் ஓரத்தில் கறுப்பு முத்திரை இருக்கும். யாராவது நம்பவில்லை என்றால் தம்பிராஜா வாதாட மாட்டான். பானை கேட்பான்.

"ஓலையில கட்டின கெத்துப்பாட் சோறு வெந்தா எடுத்துச் சாப்பிடலாம். இது வெந்தா என்ன செய்றது?" என்றார் பொன்னம்மா. பல தலைமுறைக்கு முன் மலாக்காவில் குடியேறிய செட்டிமார் வீடுகளில் பேச்சு மலாய்தான். தமிழ் பெயரில் மட்டும் இருந்தது.

"புது மருமகன் வந்தா வைங்க மாக், தின்னு பார்க்கட்டும்" என்று அவனும் மலாயில் சொன்னான்.

கூட இருந்த சிஹாபுதீன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் தச்சர். பொன்னம்மாவின் மகள் கல்யாணத்துக்கு முன்னால் பின்கட்டில் ஓர் அறை எடுக்கும் வேலை அவருடையது. மெராந்தி மரப் பலகையே போதும் என்பது அவர் கட்சி. மூன்று மணி நேரம் கழித்துத் துண்டை இடுக்கியால் எடுத்தார். உளியை ஓரத்தில் கொடுத்து நெம்பிப் பார்த்தார். ஏடு பிரியவில்லை.

"சரி. இதே சரக்குன்னா நான் அடிக்கிறேன்" என்றார்.

அந்த அறையை வேறொருவரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். பத்து பெரண்டாமில் இருபது வீடுகள் கட்டப்போகும் கான்ட்ராக்டர் மாணிக்கவாசகம். பின்கட்டுச் சுவர் ஒரு மழைக்காலத்தைத் தாங்கினால் இருபது வீட்டுக்கும் ஒட்டுப்பலகை; தலைமைத் தச்சர் சிஹாபுதீன். அதை நம்பி சிஹாபுதீன் படகுப் பட்டறை வேலையை விட்டிருந்தார்.

ஆகஸ்ட் 31, மலாயாவின் சுதந்திர நாளுக்கு ஊரெல்லாம் அலங்கார வளைவுகள் எழும்பின. முத்திரைப் பலகை அத்தனையையும் கடை முதலாளி தவுக்கே வளைவு கட்டுகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டார். ஒரு வாரம் நிற்கிற வளைவுக்கு எதற்கு நல்ல சரக்கு என்று தம்பிராஜா கேட்க நினைத்தான், கேட்கவில்லை. அடுத்த கப்பல் செப்டம்பர் கடைசியில். கல்யாணம் செப்டம்பர் எட்டாம் தேதி. கொட்டகையில் மிச்சமிருந்தது பழைய பசையில் ஒட்டிய பெட்டிப் பலகை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். 'சரக்கு இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் சிஹாபுதீன் அன்றைக்கே மெராந்திக்குப் போய்விடுவார்; இருபது வீட்டு ஆர்டரும் கைநழுவும். சாயம் பூசினால் தாங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தம்பிராஜா லாரியில் ஏற்றினான்.

இறக்கும்போது சிஹாபுதீன் ஒவ்வொரு பலகையையும் புரட்டினார்.

"முத்திரையக் காணோமே, தம்பி?"

"குத்தாம வந்த லாட்டு பாய். அதே சரக்குதான்."

"நிச்சயமா?"

"நான் சொல்றேன்ல?"

அவர் அளவுகோலை எடுத்தார். ஏழு நாளில் அறை எழுந்தது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் இணைப்புத் தெரியாத சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். அங்கேயே நான்கு பேர் தம்பிராஜாவிடம் கடை விலாசம் வாங்கினார்கள். அவன் பந்தியில் உட்காராமல் கிளம்பினான்.

நவம்பரில் மழை பிடித்தது. மாதக் கடைசியில் மேற்குச் சுவர் அப்பம்போல உப்பி, கீழ் ஓரத்தில் ஏடுகள் விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்தன. பொன்னம்மா ஆளனுப்பி எல்லோரையும் முற்றத்துக்கு வரவழைத்தார்.

மாணிக்கவாசகம் ஒரு ஏட்டைப் பிடித்து இழுத்தார். ஈரத் தாளைப்போலக் கையோடு வந்தது. அவர் தச்சரைப் பார்க்கவில்லை, தம்பிராஜாவைப் பார்த்தார்.

"சரக்குக் கோளாறா, கைக் கோளாறா? ஒளிக்காமச் சொல்லுங்க."

தம்பிராஜா தன் குரலையே யாரோ பேசுவதுபோலக் கேட்டான். "ஓரத்துக்குச் சாயம் சரியா வைக்கலன்னா எந்தப் பலகையும் தண்ணி குடிக்கும்."

"மூணு கை வச்சேன்" என்றார் சிஹாபுதீன்.

"வச்சிருந்தா இப்படி ஆகுமா?" மாணிக்கவாசகம் கையைத் துடைத்துக்கொண்டார். "போதும் பாய். நான் வேற ஆளப் பார்த்துக்கிறேன்."

சிஹாபுதீன் தம்பிராஜாவை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார், ஏறி மிதிக்கவில்லை.

அந்த வாரம் கடையில் ஒட்டுப்பலகைக்கு இரண்டு புது ஆர்டர். தவுக்கே தோளில் தட்டினார். தம்பிராஜா கொட்டகைப் பக்கம் போவதையே தவிர்த்தான். பாயின் வீடு கடையிலிருந்து கூப்பிடு தூரம். சுற்றுவழியாக வீட்டுக்குப் போனான். மனைவி கோகிலா, "என்ன, பேயடிச்ச மாதிரி திரியறீங்க?" என்று கேட்டாள். வயிற்று வலி என்றான். பொய் சொல்வது ஒவ்வொரு தடவையும் இன்னும் சுலபமாகிக்கொண்டிருந்தது. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

பத்தாம் நாள், காலை எட்டு மணிக்கு, சிஹாபுதீன் வீட்டு வாசலில் நின்றான். உள்ளே அடுப்படியில் அவர் மனைவி ரோஷன் பீவி இவனைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள். சிஹாபுதீன் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அதில் மூன்று ஏடுகள் தனித்தனியாகக் கிடந்தன.

"உன் வேலையத்தான் நானும் செஞ்சேன். மிச்சத் துண்டப் பானையில போட்டேன். அரை மணி நேரம்கூடத் தாங்கல."

"பெட்டிப் பலகை பாய்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"லாரியில ஏத்தும்போதே."

சிஹாபுதீன் தலையை ஆட்டினார். கோபித்துக் கத்தியிருந்தால் தம்பிராஜாவுக்குத் தாங்க முடிந்திருக்கும்.

"இதக் கொண்டுபோய்க் காட்டியிருக்கலாமே பாய்?"

"நல்லா இருக்குலா! ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். மரத்தக் குத்தம் சொல்ற தச்சன எவன் நம்புவான்?"

"தப்பு என் மேலதான் பாய். மன்னிச்சிடுங்க."

"எனக்குத் தெரிஞ்சத எங்கிட்டயே வந்து சொல்ற. முற்றத்துல சொன்னத முற்றத்துல போய்ச் சொல்லு. அந்த அம்மா இருக்கணும், மாணிக்கவாசகம் இருக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை தம்பிராஜா கான்ட்ராக்டரைக் கெஞ்சி அழைத்துக்கொண்டு கம்போங் செட்டிக்குப் போனான். பொன்னம்மாவுக்குப் புரிய வேண்டும் என்று மலாயிலேயே சொன்னான். கொதிக்க வைத்தது ஒரு பலகை, இறக்கியது வேறு பலகை. பாய் கேட்டார், நான் பொய் சொன்னேன். சாயத்தைப் பற்றிச் சொன்னதும் பொய்.

பொன்னம்மா, "அந்த மனுசனை என் வாயால சாயக் காசத் தின்ன திருடன்னு சொன்னேன். ஊர் முழுக்கச் சொன்னேன். நீ கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே?" என்றார்.

"ஆமா மாக்."

"எழுந்து போ."

மாணிக்கவாசகம் சந்து முனைவரை உடன் வந்தார். "போன வாரமே சொல்லியிருந்தா பரவாயில்ல. கிளேபாங் தச்சருக்கு முன்பணம் கொடுத்துட்டேன்" என்றார். சற்று நின்று, "முத்திரைச் சரக்கு இருபது வீட்டுக்கும் கிடைக்குமா?" என்று கேட்டார்.

பொன்னம்மாவின் சுவரை ஜனவரியில் மெராந்திப் பலகையால் மாற்றினார்கள். மரம் கடையிலிருந்து இலவசமாகப் போனது. தம்பிராஜாவை விற்பனையிலிருந்து எடுத்துக் கொட்டகைக்கு மாற்றினார்கள். படகுப் பட்டறையில் சிஹாபுதீன் இடத்துக்கு ஏற்கெனவே ஆள் இருந்தது. அவர் மார்ச் மாதம் குடும்பத்தோடு மூவாருக்குப் போனார். பத்து பெரண்டாமில் இருபது வீடுகளும் 1958 டிசம்பரில் முடிந்தன. சுவர்கள் எல்லாம் முத்திரையிட்ட ஒட்டுப்பலகை. தச்சு வேலை கிளேபாங்காரருடையது.