கரையை உடைக்கும் முன்

மாநாட்டுத் தலைவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பத்தியைப் படித்தார். "ஆட்சேபம் உண்டா? இல்லை." சுத்தியலைத் தட்டினார். அடுத்த பத்தி.

ஆறுகளுக்கு அவற்றின் பழைய இடத்தைத் திருப்பித் தரும் உடன்படிக்கை. எல்லா நாடும் ஒப்ப வேண்டும். ஒப்பாதவர் தம் நாட்டின் பெயர்ப்பலகையை மேசைமேல் நிமிர்த்தி வைக்க வேண்டும். தலைவர் கண்ணில் பட்டால்தான் மைக் கிடைக்கும்.

உடைக்க வேண்டிய கரைகளைத் தன் நாட்டுக்காக வரைபடத்தில் குறித்தவள் அவள். ஒரு கரைக்குப் பின்னால் அண்ணன் வீடு. 'மாற்று வீடு தந்த பிறகே கரையை உடைக்க வேண்டும்' என்று ஒரு வரி இருந்தது. காலையில் வந்த பிரதியில் இல்லை. திட்டத்துக்குப் பணம் தரும் நாடுகள் எடுத்துவிட்டன.

"சார், அந்த வரி..."

"தெரியும்," என்றார் பக்கத்தில் இருந்த அவள் நாட்டுத் தூதர். "வாயை மூடிக்கிட்டு இரு. நீ கிளப்பினா மொத்தமும் ஊத்திக்கும்."

கைபேசியில் அண்ணனின் செய்தி: 'நேரலையில பாத்துக்கிட்டிருக்கேன். என் தங்கச்சி அங்க இருக்கா, ஒண்ணும் ஆகாதுன்னு தெரு பூரா சொல்லிட்டேன். மானத்தை வாங்கிடாதே.'

தலைவர் கரைகளின் பத்தியை எடுத்தார்.

அவள் பலகையை நிமிர்த்தினாள். தூதர் அதைப் படுக்க வைத்தார். மறுபடி நிமிர்த்தினாள். தலைவர் தாளையே பார்த்திருந்தார்.

"ஆட்சேபம் உண்டா?"

சுத்தியல் மேலே போயிற்று. அவள் பலகையை எடுத்து மேசையில் ஓங்கி அடித்தாள்.

தலைவர் நிமிர்ந்தார்.

"மேசையை விட்டுடுங்கம்மா. உடைக்கத்தான் கரை இருக்கே."

அரங்கம் சிரித்தது. மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"முதலில் வீடு. அப்புறம் கரை," என்றாள். "நீக்கின வரி திரும்ப வேணும்."

சிரிப்பு நின்றது. பணம் தரும் நாடுகளின் பேச்சாளர் பக்கத்து ஆளிடம் குனிந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். போகட்டும் என்று கையை அசைத்தார்.

தலைவர் வரியைச் சேர்த்துப் படித்தார். இந்த முறை ஒவ்வொரு மேசையாகப் பார்த்தார். சுத்தியல் விழுந்தது.

"வெளியே போ," என்றார் தூதர், அவளைப் பார்க்காமல். "ஊருக்குப் போய் விளக்கம் எழுதிக் குடு."

தாழ்வாரத்துக்கு வந்ததும் கைபேசியில் அண்ணன் கூப்பிட்டான்.

"என்னா அடி! நான் டீயைக் கொட்டிட்டேன். அப்போ வீடு நிச்சயம்தானே?"

"வீடு தராம உடைக்க முடியாதுண்ணா. எழுதியாச்சு."

"சரி. யாரு காசுல கட்டுவாங்க?"

அது அடுத்த பத்தி. உள்ளே தலைவர் படிக்கத் தொடங்கியிருந்தார். தூதர் முன்னால் மேசை பலகை இல்லாமல் வெறுமையாக இருக்கும். மூலை பிளந்த பலகை அவள் கையில் இருந்தது.

"வைக்கிறேண்ணா," என்று சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளினாள்.