காலிக் கட்டங்கள்

மடிக்கணினிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நூரைன் கூட்டத்துக்கு எதிராக ஓடினாள். பௌர்ணமி. சென்னைப் பேருந்து ஊருக்கு வெளியிலேயே ஆளை இறக்கிவிட்டது. ஆட்டோக்காரர் ஒருவரும் உள்ளே வரச் சம்மதிக்கவில்லை. கிரிவலம் வந்தவர்கள் தெரு முழுக்க நடந்துகொண்டிருந்தார்கள். "வழி விடுங்க, எங்க அத்தா மௌத்தாயிட்டாரு, மொகம் பாக்கணும்" என்று சொல்லிச் சொல்லியே அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

கைபேசியில் அம்மா ஜாஹிரா அழுதாள். "எங்கடி வர்ற? சாயங்காலம் அசர் தொழுகைக்கு எடுத்துடணுங்கறாங்க."

"மொகத்தப் பாக்காம எடுக்க விடாதம்மா. வந்துட்டேன்."

அத்தா மஸ்தானுக்கு நுரையீரல் கெட்டு ஒரு வருஷமாகிறது. எண்களைக் கணினியில் வரைபடமாக்குவதுதான் சென்னையில் நூரைனுக்கு வேலை. நிரல் எழுதத் தெரியவேண்டாம். அட்டவணையிலிருந்து வேண்டியதை இழுத்துப் பெட்டியில் போட்டால் கோடு ஓடும். வீட்டுக்கும் ஒன்று செய்து வைத்திருந்தாள். அத்தாவின் விரலில் கிளிப்பை மாட்டி, அது காட்டும் ஆக்சிஜன் எண்ணை அம்மா கைபேசியில் போடவேண்டும். மாலையானால் படம் தானாகவே குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் நூரைன் ஓடிவந்து மருத்துவமனையில் சேர்ப்பதாக ஏற்பாடு. "என்னப் பாக்கறதவிட இந்தக் கோட்டத்தான் நீ ஜாஸ்தி பாக்கற" என்று அத்தா கேலி செய்வார்.

இந்த வாரம் முழுக்கத் தொண்ணூற்று ஐந்து. நேர்க்கோடு. அதைப் பார்த்துவிட்டுத்தான், கேட்டு வாங்கிய விடுப்பை அவளே அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போட்டாள். இன்று விடியற்காலையில் அத்தா போய்விட்டார்.

வீட்டு வாசலில் உடலைத் தூக்கிச் செல்லும் சந்தூக்கு தயாராக இருந்தது. குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றிவிட்டிருந்தார்கள். அப்பாவின் தம்பியான சின்னத்தா முகத்தை மட்டும் திறந்து காட்டினார். உதடுகள் கருநீலமாக இருந்தன. தொண்ணூற்று ஐந்து இருந்தவருக்கு உதடு இப்படி ஆகுமா?

அம்மாவை உள்ளறைக்கு இழுத்துப் போனாள். "எப்பருந்தும்மா எறங்குச்சு? நீ நம்பர் போட்டியா இல்லியா?"

ஜாஹிரா சுவரைப் பார்த்தாள்.

"போடலடி. செவ்வாக்கெழம எண்பத்தஞ்சுனு காட்டுச்சு. போடாதன்னு கையப் புடிச்சிக்கினாரு. போட்டா அவ வேலைய விட்டுட்டு ஓடியாந்துடுவா, என்ன ஆஸ்பத்திரில போட்டுக் கொழாய் சொருவுவாங்கன்னாரு. அவரு பேச்ச எப்பிடி மீறுறது? காலியா வுட்டா நீயே ஏன்னு கேப்பேன்னு இருந்தேன். நீ கேக்கவே இல்லியேடி."

நூரைனுக்கு நினைவு வந்தது. ஆரம்பத்தில் அம்மா மறந்த நாட்களில் கோடு அறுந்து அறுந்து அசிங்கமாகத் தெரிந்தது. காலிக் கட்டம் வந்தால் முந்தைய எண்ணையே நிரப்பிக்கொள் என்று அவள்தான் ஒருநாள் மாற்றி வைத்தாள். ஒரு சொடுக்கு. அம்மா வாயைத் திறக்காமல் தினமும் அவளைக் கூப்பிட்டிருக்கிறாள். அந்த வாயை இவள் அடைத்து வைத்திருக்கிறாள். சொல்லிவிடலாம் என்று அம்மாவின் தோளைப் பிடித்தாள். பிடித்த கையால் அம்மாவின் முக்காட்டைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தாள்.

வாசலில் சந்தூக்கைத் தூக்கினார்கள். பெண்கள் கதவோடு நின்றுவிட்டார்கள். தெருமுனையில் கிரிவலக் கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது.

இருட்டும் நேரம். துக்கத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் இருந்த கைபேசிகள் எல்லாம் ஒன்றாக ஒலித்தன. யாரும் எடுக்கவில்லை. ஜாஹிரா மட்டும் தன்னுடையதை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"இன்னிக்கும் தொண்ணூத்தஞ்சுனு வந்திருக்குடி."

நூரைன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"நாளைக்கும் வருமா?"

"நிறுத்தலன்னா வரும்மா."

ஜாஹிரா மறுபடி திரையைப் பார்த்தாள். கைபேசியில் சார்ஜ் கம்மியாக இருந்தது. எழுந்து போய், அத்தாவின் கட்டில் பக்கத்துப் பிளக்கில் அதைச் சொருகி வைத்தாள்.