ஏழாவது வரிசை, பதினோராவது கட்டம்

மூங்கில் சாரத்தின் மேல் குந்தியபடி தெர்யோ ஆற்றுக்கு நீலம் பூசிக்கொண்டிருந்தான். ஒன்பது மணிதான் ஆகியிருந்தது. அதற்குள் முனிசிபாலிட்டிக் கட்டடத்தின் கிழக்குச் சுவர் முழங்கை பட்டால் சுடும் அளவுக்குக் காய்ந்துவிட்டது. இடது கையில் எஞ்சினியர் கொடுத்த காகித வரைபடம். காகிதத்தில் விரல் அகலத்துக்கு ஒரு கட்டம், சுவரில் அதுவே ஒரு முழம். கட்டத்துக்குக் கட்டம் பார்த்து ஏற்றிக்கொண்டே போனால் கலும்பாயன் ஊர் முழுவதும் சுவருக்கு வந்துவிடும். மலை, நெல்வயல், தென்னந்தோப்பு, பதினேழு கிராமங்கள், மாலிதோங் ஆறு, கடைசியில் கடல்.

ஊர் தோன்றிய நூற்றைம்பத்தைந்தாம் ஆண்டு விழாவுக்கு இன்னும் பத்து நாள். சுவரின் இடப் பக்கம் வரலாறு, வலப் பக்கம் பூகோளம் என்பது மேயர் அர்சோபலின் கட்டளை. வரலாற்றை தெர்யோ போன வாரமே முடித்திருந்தான். 1869இல் மேயரின் கொள்ளுத்தாத்தா வெள்ளைக் குதிரையில் வந்து இறங்கி ஊரை நிறுவுகிறார். அந்தக் காலத்தில் கலும்பாயனுக்கு வர வேண்டுமென்றால் படகில்தான் வர முடியும், சேற்றில் இடுப்பளவு இறங்கித்தான் கரையேற முடியும். ஆனால் இடுப்பளவு சேற்றில் நிற்கிற நிறுவனரை ஆளுநர் வந்து திறந்து வைப்பாரா?

ஏழாவது வரிசை, பதினோராவது கட்டத்துக்கு வந்ததும் தெர்யோவின் தூரிகை நின்றது. காகிதத்தில் ஆறு அந்த இடத்தில், ஆட்டை விழுங்கிய மலைப்பாம்பு மாதிரி வயிறு உப்பிக் கிடந்தது. அவன் பள்ளிக்கூடத்திலிருந்து கட்டங்களை எண்ணினான். பிறகு தேவாலயத்திலிருந்து எண்ணினான். எங்கிருந்து எண்ணினாலும் கணக்கு ஒன்றுதான். பாம்பின் வயிற்றுக்குள் இருந்தது பினித்தான் குடியிருப்பு. நாற்பத்தியொரு வீடுகள். பன்னிரண்டாவது வீடு அவனுடையது.

சாரத்தை விட்டு இறங்கித் திட்ட அலுவலகத்துக்குப் போனான். எஞ்சினியர் ஒபியாஸ் மின்விசிறிக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு ரொட்டியைக் காப்பியில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

"சார், ஆறு கொஞ்சம் பெருத்திருக்கு."

"ஆறுன்னா பெருக்கத்தான்யா செய்யும்."

"எங்க வீட்டு மேல பெருத்திருக்கு சார்."

எஞ்சினியர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "தெர்யோ, இது சாட்டிலைட் போட்டோவை வச்சு நானே வரைஞ்சது. சாட்டிலைட் வானத்துலேர்ந்து பாக்குது. அதுக்குச் சொந்தமும் கிடையாது, பந்தமும் கிடையாது."

"என்னிக்குப் பாத்துச்சு சார்?"

எஞ்சினியர் மேசையறையைத் துழாவி அந்தப் புகைப்படத்தை எடுத்தார். மூலையில் எறும்பளவு எழுத்தில் தேதி இருந்தது. போன வருடம் டிசம்பர் பதினெட்டு.

"பதினாறாம் தேதிதானே சார் புயல் அடிச்சுது. பதினெட்டாம் தேதி நான் கூரை மேல இருந்தேன், பொண்டாட்டியும் ரெண்டு கோழியுமா. இதைப் பெரிசாக்கிப் பாருங்க, நாங்க தெரிவோம்."

எஞ்சினியரின் கையிலிருந்த ரொட்டி ஊறிக் காப்பிக்குள் விழுந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை. வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு மேல்மாடிக்கு, மேயரின் அறைக்கு ஓடினார். இருபது நிமிடம் கழித்து இறங்கி வந்தபோது ஓட்டம் நின்றிருந்தது. முகத்தில் ஒரு சாந்தம் வந்திருந்தது.

"இருக்கட்டும்னுட்டாரு."

"எது சார் இருக்கட்டும்?"

"ஆறுதான். கவுன்சில்ல இந்த வரைபடத்தை ஒருமனதா நிறைவேத்தியாச்சாம். மாத்தணும்னா மறுபடியும் கூட்டம் போடணும். அதுவும் இல்லாம..." குரலைத் தாழ்த்தினார். "ஆத்தை ஆழப்படுத்துற திட்டம் வருது. மணல் அள்ளுற கம்பெனிக்கு அனுமதி ரெடி. ஆத்துப் படுகைக்குத்தான் அனுமதி, குடியிருப்புக்கு இல்ல. மேயர் படத்தைப் பாத்தாரு, ரொம்ப நேரம் பாத்தாரு. தப்புன்னு நான் சொன்னேன். 'தப்பா? எவ்வளவு வசதியா இருக்கு பாரு'ன்னாரு."

"அங்க நாப்பத்தியொரு வீடு இருக்கு சார்."

"இதைக் கேளு. 1903இல் ஆள் தொகை பத்தலைன்னு நம்ம கலும்பாயனையே பக்கத்து ஊரோட சேர்த்துட்டாங்க. பதினாறு வருஷம் நம்ம ஊரே வரைபடத்துல கிடையாது. நீதானே அந்தச் சுவத்துல எழுதினே. யாராவது செத்தாங்களா?"

பதினாறு வருடத்தில் யாரும் சாகாத ஊர் உண்டா என்று தெர்யோவுக்குக் கேட்கத் தோன்றியது. அதற்குள் எஞ்சினியர் அன்பாக அவன் தோளில் கை வைத்தார். "உன் ஒப்பந்தம் முப்பதாம் தேதி முடியுதில்ல?"

ஒன்பது வருடமாக தெர்யோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலை இழந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலை பெற்று வந்தான். பேருந்து நிழற்குடை, குப்பை லாரி, கூடைப்பந்து மைதானம், பொதுக் கழிப்பறை என முனிசிபாலிட்டி எதைக் கட்டினாலும் அதில் மேயரின் பெயரையும் சிரித்த முகத்தையும் வரைவது அவன் வேலை. காய்ச்சலில் படுத்தால் அன்றைக்குக் கூலி இல்லை. புயலுக்கு முன்பு பரவாயில்லை, அவன் மனைவி கொன்சிங் கூரைக்கு நிப்பா பனையோலை தைத்து விற்றாள். இப்போது ஆற்றோர நிப்பா புதர்களெல்லாம் வேரோடு போய்விட்டன. தைக்க ஓலை இல்லை. மகள் நகரத்தில் இரண்டாம் வருடம் நர்ஸ் படிப்பு.

அன்று மாலை அரிசி கழுவிக்கொண்டே கொன்சிங் கதையைக் கேட்டாள். கேட்டு முடித்ததும் கழுநீரை வாசலில் வீசினாள்.

"சரி, அடி."

"எதை?"

"நீலத்தை. நீ சுவத்துல பெயிண்ட் அடிச்சா இங்க வீடு போயிடுமா? நிஜ வெள்ளத்துலயே போகலை. அந்த மேயர் மூஞ்சியை இதுவரைக்கும் நாப்பது தடவை அழகா வரைஞ்சிருக்கே. அழகாயிட்டானா அவன்?"

தெர்யோ சிரித்துவிட்டான். மறுநாள் ஏழாவது வரிசை, பதினோராவது கட்டத்தில் நீலத்தை இரண்டு பூச்சு பூசினான். கரையோரம் வெள்ளையில் சின்னச் சின்ன அலைகள்கூடப் போட்டான். வேலை என்று வந்துவிட்டால் அவனுக்கு அரைகுறையாகச் செய்ய வராது.

விழாவுக்கு மூன்று நாள் முன்பு பினித்தானுக்கு ஆட்கள் வந்தார்கள். மணல் கம்பெனியின் மஞ்சள் தொப்பி போட்ட மூன்று பேர். சிவப்புத் துணி கட்டிய மூங்கில் முளைகளைத் தோளில் சுமந்து வந்து, பத்தடிக்கு ஒன்றாக அடித்துக்கொண்டே போனார்கள். ஒரு முளை கொன்சிங்கின் சமையற்கட்டுக்குள் இறங்கியது.

"ஏய்! அடுப்பங்கரையில என்னடா நடுறே?"

"ஆத்து எல்லை, அக்கா."

"எங்கடா ஆறு? நூறடி தள்ளி ஓடுது, கண்ணு தெரியலையா?"

மஞ்சள் தொப்பிக்காரன் பணிவாகத்தான் பேசினான். கைப்பேசியை நீட்டிக் காட்டினான். "படத்துல இங்க ஓடுதுக்கா."

தெர்யோ வேலை முடிந்து வந்தபோது அவள் பிடுங்கிய முளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவன் கையில இருந்தது உன் சுவருய்யா. போட்டோ புடிச்சு வச்சிருக்கான். அலையெல்லாம் போட்டிருக்கே."

"நீதானே அடிக்கச் சொன்னே."

"நான் சொன்னா? ஒன்பது வருஷமா வேலையை விடு, வேற பாருன்னு சொன்னேனே, அதைக் கேட்டியா? கேக்குறதுக்குன்னு இதுதான் கெடைச்சுதா?"

அவன் சாப்பிடவில்லை. விடிந்தும் விடியாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ச் சாரத்தில் ஏறினான். பழுப்பு வண்ணத்தைத் தொட்டு, நீலத்தின் நடுவே கட்டை விரல் அகலத்துக்கு ஒரு புள்ளி வைத்தான். பெயரை எழுதக் கை ஓடவில்லை. புள்ளியையே இன்னும் கொஞ்சம் அகலமாக்கினான். கீழே இருந்து பார்த்தால் தெரிந்தது.

எட்டரைக்கு மேயர் அர்சோபல் ஒத்திகை பார்க்க வந்தார். பின்னால் எஞ்சினியர், செயலாளர், குடை பிடிக்கிறவன், புகைப்படம் எடுக்கிறவன். மேயர் முதலில் வரலாற்றைப் பார்த்தார்.

"குதிரை ஏன் வேற பக்கம் பாக்குது?"

"கடலைப் பாக்குது சார்," என்றான் தெர்யோ சாரத்திலிருந்து.

"முனிசிபாலிட்டியைப் பாக்கணும். தாத்தா தொலைநோக்கு உள்ளவர்."

1869இல் முனிசிபாலிட்டிக் கட்டடமே இல்லை என்பதை யாரும் நினைவூட்டவில்லை. செயலாளர் குறித்துக்கொண்டார். மேயர் பூகோளத்துக்கு நகர்ந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மலையிலிருந்து கடல்வரைக்கும் தம் ராஜ்ஜியத்தை நிதானமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஆற்றின் வயிற்றருகே நின்றார்.

"அது என்ன?"

எஞ்சினியர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததும் தம் காலணியைப் பார்க்க ஆரம்பித்தார்.

தெர்யோ தூரிகையைத் தாழ்த்தினான். பினித்தான் என்று சொல்ல வேண்டும். ஒரே சொல். நாற்பத்தியொரு வீடு, நூற்றுத் தொண்ணூறு சொச்சம் பேர், போன தேர்தலில் நூற்றுப் பத்து ஓட்டு என்று சொல்லலாம். சாரத்தின் மூங்கில் அவன் எடையில் கிறீச்சிட்டது. கீழே நான்கு முகங்கள் அண்ணாந்திருந்தன. புகைப்படக்காரன் ஏனோ கேமராவை உயர்த்தினான்.

"படகா அது?" என்றார் மேயர்.

"ஆமா சார்," என்றான் தெர்யோ. "படகுதான்."

"படகு மாதிரியே இல்லையே. ஆளுநர் வர்றாரு, இது என்ன அழுக்கு. எடுத்துடு."

எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அவன் நீலத்தைத் தொட்டான். பழுப்பு இன்னும் காயவில்லை. நீலத்தோடு கலந்து முதலில் சேறு மாதிரி ஆனது. இன்னொரு முறை பூசினான். பிறகு வெறும் ஆறுதான் இருந்தது.

இருபத்தெட்டாம் தேதி விழா நடந்தது. ஆளுநர் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து திரையை விலக்கினார். நான்கு பன்றிகள் வாட்டப்பட்டன. மேயர் பேசினார். ஊரின் மண்ணுக்கும் தம் ரத்தத்துக்கும் உள்ள உறவை அரை மணி நேரம் விளக்கிவிட்டு, கடைசியில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். "இனிமே முனிசிபாலிட்டி வேலை வெளியூர்க்காரங்களுக்குக் கிடையாது. கலும்பாயன் வாசிகளுக்கு மட்டுந்தான்!" கைதட்டல் தேவாலயக் கூரையிலிருந்த புறாக்களைக் கிளப்பிவிட்டது. சுவரோரம் வெயிலில் நின்றிருந்த தெர்யோவும் கை தட்டினான்.

முப்பதாம் தேதி காலை ஒப்பந்தம் புதுப்பிக்கும் வரிசையில் அவன் பதினான்காவது ஆளாக நின்றான். முன்னால் தெருக்கூட்டுகிற பெண்கள், குப்பை லாரி ஆட்கள், ஒரு மருத்துவச்சி. சன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்த எழுத்தர் மித்தா இவனைப் பார்த்ததும் சிரித்தாள். ஊர் வழக்கப்படி அவனை 'மானோங்', அதாவது அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். அவள் ஞானஸ்நான விருந்துக்கு வரவேற்பு வளைவு எழுதிக் கொடுத்தவனே இவன்தான்.

"வாங்க மானோங் தெர்யோ. குதிரை பிரமாதம். எஞ்சினியர் உங்களுக்குச் சிபாரிசு எழுதியே குடுத்திருக்காரு. ஒரு நிமிஷம்." விசைப்பலகையைத் தட்டினாள். "விலாசம்?"

"எப்பவும் போலத்தான். பினித்தான்."

தட்டினாள். திரையைப் பார்த்தாள். மறுபடியும் தட்டினாள். "வரமாட்டேங்குது."

"என்ன வரமாட்டேங்குது?"

"புதுப் பட்டியல் இது, திட்ட அலுவலகத்துலேர்ந்து வந்தது. இதுல இருக்கிற குடியிருப்பைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், நாமளா எழுத முடியாது. விலாசம் இல்லாம கலும்பாயன் வாசின்னு போட முடியாது. வாசின்னு போடலேன்னா அடுத்த பக்கத்துக்கே போகாது." அவள் முகம் வாடியது. "கிராமத் தலைவர்கிட்ட வாசிச் சான்றிதழ் வாங்கிட்டு வாங்களேன்."

"நேத்தே கேட்டேன். பட்டியல்ல பினித்தானே இல்லைன்னு அவரும் சொல்லிட்டாரு."

பின்னாலிருந்து ஒருவன், "அண்ணே, இன்னும் இருபது பேர் நிக்கிறோம்ணே," என்றான்.

"இரு தம்பி," என்றாள் மித்தா. அவளுக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. சன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள். பின்பக்கக் கட்டடத்தின் அந்தச் சன்னலிலிருந்து கிழக்குச் சுவர் முழுவதும் நன்றாகத் தெரிந்தது. "மானோங், அங்க போயி உங்க வீடு எந்த இடம்னு தொட்டுக் காட்டுங்க. பக்கத்துல எந்தக் குடியிருப்பு இருக்கோ அதையே போட்டுடலாம். இன்னிக்குள்ள முடிஞ்சாகணும், அஞ்சு மணிக்கு மூடிடும்."

தெர்யோ வெளியே வந்தான். சுவருக்கு முன்னால் ஓர் ஆசிரியை நாற்பது பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் கிராமங்களின் பெயர்களை ராகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவன் அவர்களை ஒதுங்கிக் கடந்து சுவரடிக்குப் போனான். சாரத்தைப் பிரித்துவிட்டதால் எட்டவில்லை. காவல்காரனின் முக்காலியை இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறினான். கட்டம் போட்ட சாக்பீஸ் கோடுகள் அழிந்துவிட்டிருந்தாலும் கைக்கு இடம் தெரிந்தது. நீலத்தின் நடுவே விரலை வைத்துத் திரும்பிப் பார்த்தான்.

சன்னலில் மித்தா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். இடப் பக்கமா, வலப் பக்கமா என்று கையால் கேட்டாள். அவன் விரலை எடுக்கவில்லை. இங்கேதான் என்று தலையை ஆட்டினான். அவள் புரியவில்லை என்று கையை விரித்தாள். அவன் விரலை இன்னும் அழுத்தினான்.

"அண்ணே," என்றாள் ஆசிரியை, பிரம்பைத் தாழ்த்திக்கொண்டு. "கொஞ்சம் இறங்கிக்குங்கண்ணே. பிள்ளைங்களுக்கு ஆறு மறைக்குது."