எவடம்?

"பிள்ளை எவடம்?"

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் தன் ரியூட்டரி வகுப்புகளுக்கு ஆங்கில ஆசிரியை தேடும் கனகசபாபதி மாஸ்டர் அன்பாகத்தான் கேட்டார்.

"யாழ்ப்பாணம் ரவுண் பக்கம் சேர்," என்று நகரத்தின் பெயரோடு நிறுத்தினாள் சுபாஜினி.

"ரவுணிலை எவடம்?"

"பிள்ளையள் வந்திட்டினம் சேர்," என்று தப்பினாள்.

எந்த இடம் என்பது யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறும் இடத்தை அறியக் கேட்கிற கேள்வியா என்ன? சாதியைக் கேட்க வாய் கூசுகிறவர்கள் ஊரைக் கேட்பார்கள். அது போதாவிட்டால் தெருவை, ஒழுங்கையைக் கேட்பார்கள். அவளுடைய குருநகர் என்றால் போதும், கடற்கரை ஆட்கள் என்று கணக்கு முடிந்துவிடும். முன்பு போன இடத்திலும் அப்படித்தான். "சொல்லியனுப்பிறம்" என்றவர்கள் இன்னும் சொல்லியனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அதனால்தான் இம்முறை கடற்கரைக் கத்தோலிக்கர் என்று காட்டிக்கொடுக்கும் சந்தியோகு என்ற அப்பாவின் பெயரை வெறும் 'ச' ஆக்கி எழுதிக் கொடுத்திருந்தாள். நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் அப்பாவின் முதுகு இனிக் கடலுக்குப் போக விடாது. வீடு இந்த வேலையை நம்பித்தான் இருந்தது.

இன்று மாஸ்டர் முன் படிப்பித்துக்காட்டும் வகுப்புக்குப் பாடத்தைத் தேர்ந்தவளும் அவள்தான்: தினமும் பேசும் ஆங்கிலச் சொற்கள் எங்கிருந்து வந்தன? பிள்ளைகள் விரும்புவார்கள் என்று நினைத்தாளே தவிர, தன் வாயாலேயே எவடம், எவடம் என்று கேட்டுக்கொண்டிருக்க நேரும் என்று யோசிக்கவில்லை. அவளை என்ன சொல்ல! பலகையில் இடப்பக்கம் சொல், வலப்பக்கம் அது பிறந்த இடம். ஷாம்பூ, இந்தி. கெச்சப், சீனம். கறி, தமிழ். கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த மாஸ்டர் தலையாட்டி ரசித்துக்கொண்டிருந்தார்.

கட்டுமரத்தை மட்டும் அவள் வேண்டுமென்றே விட்டிருந்தாள். முன்வாங்கில் இருந்த மாணவி நிவேதனா விடவில்லை.

"மிஸ், கட்டமரானும் எங்கடை சொல்லுத்தானே? அது வள்ளமோ?"

ஒரு வகைத் தோணி என்று சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போயிருக்கலாம். ஆனால் அப்பா மரங்களை அடுக்கி, காலை ஊன்றிக் கயிற்றை இழுத்து இறுக்குவது கண்முன் நின்றது. ஃபைபர் படகு வாங்கும்வரை அவர்களுக்குச் சோறு போட்டது அதுதான். அதைப் போய் ஒரு வகைத் தோணி என்க அவளுக்கு நா எழவில்லை.

"வள்ளமில்லை. மரங்களைச் சேர்த்துக் கயித்தாலை கட்டிறது. கரைக்கு வந்தாப் பிறகு கட்டை அவிட்டு மரத்தைக் காய விடுவினம்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும் மிஸ்?"

மாஸ்டரின் தலையாட்டல் நின்றது.

"என்ரை அப்பா கட்டினவர்," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"அப்ப அதுக்கு எவடம் எண்டு எழுதிறது மிஸ்?"

சுபாஜினி பலகைப் பக்கம் திரும்பினாள். இடப்பக்கம் சொல்லை எழுதினாள். வலப்பக்கம் தமிழ் என்று எழுதினால் போதும், கறிக்கும் அப்படித்தான் எழுதியிருந்தாள். பேனையை இறுக்கிப் பிடித்து 'கு' என்று தொடங்கினாள். பின்னால் மாஸ்டரின் வாங்கு நகரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் 'ரு' போட்டாள்.