முதல் ஐந்து செக்கன்

மூன்று நாளாக யூஜினாவுக்கு அந்தச் சிவப்பு எழுத்துகளைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. மடிக்கணினியின் கீழ்ப்பாதியில் பிழைச் செய்திகளாக வரிசைகட்டி நிற்கின்றன. ஒன்றைத் துரத்தினால் இன்னொன்று வந்து உட்காருகிறது. சனியன்கள்.

ஹட்டனில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த உதவி நிலையம். வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போய் மாட்டிக்கொண்ட பெண்களுக்காக நடப்பது. ஆட்கள் இரண்டே பேர். ஓய்வுபெற்ற வாத்தியார் ஞானரட்ணம் கடிதம் எழுதுவார், கொழும்பு அதிகாரிகளோடு சிங்களத்தில் மல்லுக்கட்டுவார். மிச்சமெல்லாம் யூஜினா தலையில். கணினி தெரிந்தவள் என்று ஒருதடவை பெயர் வாங்கிவிட்டால் போதும், கேத்தல் சூடாகாவிட்டாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

இப்போதைய தலைவலிக்குப் பெயர் பிரியந்தி. பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்துப் பெண், வளைகுடா வீடொன்றில் அடைபட்டுக் கிடக்கிறாள். எப்படியோ நிலையத்தின் இணையப் பக்கத்தைத் தேடிப்பிடித்துத் தன் குரலைப் பதிந்து அனுப்பியிருந்தாள். இரண்டு நிமிடம் நாற்பது செக்கன். அது அவள் குரல்தான் என்று வீட்டார் ஒருவர் தன் போனிலிருந்தே கேட்டு உறுதிசெய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை பகலுக்குள் செய்தால்தான் அவளை மீட்டெடுக்கும் பட்டியலில் சேர்ப்போம், இல்லாவிட்டால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று கொழும்பில் சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதம் வரை அவள் அங்கே உயிரோடு இருக்க வேண்டுமே! மண்சரிவில் பாதை அடைபட்டதால் தாய் பேச்சியம்மாவை ஹட்டனுக்கு வரச்சொல்லவும் வழியில்லை.

"வட்ஸ்அப்ல அனுப்பிவிட்டா முடிஞ்சுது தானே புள்ள?" என்று ஞானரட்ணமே ஒருமுறை சலிப்பில் கேட்டார்.

"போன வருசம் அப்படித்தானே சேர் அனுப்புனோம்," என்றாள் யூஜினா. அவர் தன் கடிதத்துக்குத் திரும்பினார். போன வருடம் ஒரு பெண்ணின் குரல் கைமாறிக் கைமாறி, கடைசியில் அவள் எசமானியின் காதுக்கே போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெண்ணைப்பற்றி ஒரு தகவலும் இல்லை. அன்றைக்குத்தான் யூஜினா பூட்டு போட முடிவெடுத்தாள்.

பூட்டு இப்படி. குரல்களெல்லாம் கண்டியில் கஜேந்திரன் ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொள்ளும் தனிச் சர்வரில் இருக்கும். லொகின் செய்தவருக்கு அந்தச் சர்வர் ஒரு குக்கி கொடுக்கும். உள்ளே வரலாம் என்பதற்கான துண்டு அது. பிரவுசர் அந்தத் துண்டைக் காட்டினால்தான் குரல் வரும். பதிவிறக்க முடியாது, யாருக்கும் அனுப்ப முடியாது. ஆனால் குடும்பங்கள் திறப்பது நிலையத்தின் பக்கத்தை. அதன் முகவரி வேறு, சர்வரின் முகவரி வேறு. நேராகச் சர்வருக்குள் போனால் குரல் தங்கமாகக் கேட்கிறது. நிலையத்தின் பக்கத்திலிருந்து கூப்பிட்டால் பிரவுசர் குறுக்கே நின்றுகொண்டு, நீ யார், அவன் யார், உங்களுக்குள் என்ன உறவு என்று விசாரணை வைக்கிறது.

முதல் நாள், சர்வர் யார் கேட்டாலும் சரி என்று நட்சத்திரக் குறி போட்டு வைத்திருந்தது தெரியவந்தது. ஊருக்கே திறந்த கதவுக்குத் துண்டு கொண்டுபோக முடியாது என்றது பிரவுசர். நட்சத்திரத்தை எடுத்துவிட்டு நிலையத்தின் முகவரியைப் பெயர் சொல்லி எழுதவைத்தாள். மறுநாள் புதுச் சிவப்பு.

"அண்ணே, நானூத்தி ஒண்ணு வருது. லொகின் இல்லங்குது."

"லொகின் பண்ணுனியா தங்கச்சி?" என்றான் கஜேந்திரன் போனில்.

"அய்யோ, பண்ணாமலா இருப்பேன்! குரலக் கேக்குறதுக்கு முன்னாடி பிரவுசர் தானா ஒரு விசாரிப்பு அனுப்புது பாருங்க, அதைத்தான் உங்க சர்வர் வெரட்டுது. பரிசம் போட வரலாமான்னு கேக்க மொதல்ல ஒராள் வெறுங்கையோட போவார்ல? அவர்கிட்டயே தட்டு எங்கன்னு கேட்டா அவரு என்ன செய்வாரு?"

கஜேந்திரன் சிரித்தான். சிரித்துவிட்டு நாலு மணித்தியாலம் கழித்துத்தான் திருத்தினான். அவனுக்கும் பகலில் வேறு வேலை இருக்கிறது, பாவம்.

திருத்தம் ஒவ்வொன்றுக்கும் பிறகு யூஜினா பொத்தானை அமுக்கிப் பார்ப்பாள். நேராகச் சர்வருக்குள் போய் ஒருதடவை, பக்கத்திலிருந்து ஒருதடவை. "வணக்கங்க, நான் பிரியந்தி பேசுறேங்க. பூண்டுலோயாவுலருந்து..." அவ்வளவுதான். ஐந்து செக்கன். குரல் வருகிறதா இல்லையா என்று பார்க்க அதற்குமேல் தேவையில்லை. நிறுத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். நூறு தடவையாவது கேட்டிருப்பாள். கேட்டுக் கேட்டு அது ஒரு பெண்ணின் குரல் என்பதே மறந்துபோய், மணி அடிக்கிறதா என்று பார்ப்பதுபோல ஆகிவிட்டது.

"பதிவ முழுசாக் கேட்டுட்டியா புள்ள? எனக்குக் காது செரியாக் கேக்கல," என்று திங்கட்கிழமை ஞானரட்ணம் கேட்டிருந்தார்.

"கேட்டேன் சேர்," என்று அவள் திரும்பிப் பார்க்காமலே சொல்லியிருந்தாள்.

வியாழன் காலை கணினியில் எல்லாம் சரி. பேச்சியம்மாவின் போனில் மட்டும் வெறும் வட்டம் சுற்றியது. அந்தப் போனின் பிரவுசர் வேற்று முகவரியின் குக்கியை வாசலிலேயே தட்டிவிடுகிறது என்று கண்டுபிடிக்க மத்தியானம் ஆனது. காலையில் வாங்கிய ரொட்டி மேசையில் விறைத்துக் கிடந்தது. ஒரேயொரு வழிதான் மிச்சம். சர்வருக்கு நிலையத்தின் முகவரிக்குக் கீழேயே ஒரு கிளைப்பெயர் கொடுக்க வேண்டும். இரண்டும் ஒரே வீட்டு ஆட்கள் என்றால் பிரவுசருக்குப் பேச்சு இருக்காது. கஜேந்திரன் தன் வேலையிடத்தில் பொய்சொல்லி ஒதுங்கி அதைச் செய்துகொடுத்தான். பின்னேரம் நாலரைக்குச் சிவப்பு எழுத்துகள் ஒன்றுகூட இல்லை. யூஜினாவுக்குச் சந்தோசப்படக்கூடத் தெம்பில்லை.

பிரியந்தியின் தங்கை பிரேமினியின் நம்பருக்கு எடுத்தாள்.

"பிரேமினி, இப்ப அம்மாவோட போன்ல தொறங்க. லொகின் நம்பர் வந்துச்சா?"

"வந்துருச்சு அக்கா. வாசல்லதான் இருக்கோம். இந்தா, அம்மா அமுக்கப் போகுது."

"வணக்கங்க, நான் பிரியந்தி பேசுறேங்க." மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தக் குரல் வந்தது. யூஜினா கண்ணை மூடிக்கொண்டாள். அப்பாடா!

"என் மகதான்! மிஸ், இது என் மகதான்!" பேச்சியம்மா வீறிட்டார். கூடவே பத்துப் பதினைந்து குரல்கள், ஆமா, நம்ம பிரியந்திதான், பேசுறது கேக்குது பாரு என்றன.

யூஜினா கண்ணைத் திறந்தாள். "பிரேமினி, யாரு அங்க நிக்கிறாங்க?"

"எல்லாரும்தான் அக்கா. லயத்து ஆளுங்க பூராவும். ஸ்பீக்கர்ல போட்டுருக்கோம். நல்லமுத்து மாமாவையும் அம்மா கூப்புட்டு ஒக்கார வச்சிருக்கு. அவருதானே ஏஜென்சில சொல்லி எங்க அக்காவ வெளிநாட்டுக்கு அனுப்பிவச்சாரு, அவரும் கேட்டாத்தானே ஏதாச்சும் செய்வாரு."

வெளிநாட்டுக் குரல் வந்தால் லயத்து வரிசை வீடுகள் அத்தனையும் கூடும். ஒரு வீட்டுப் பெண் போனால் இருபது வீடும் அவளை விசாரிக்கும். தனியாகக் காதில் வைத்துக் கேட்டால்தான், என்ன ஒளிக்கிறார்கள் என்று பேச்சு வரும். இதெல்லாம் யூஜினாவுக்குத் தெரியாததா? அவளும் லயத்தில் பிறந்தவள்தான். குக்கியால் பூட்டு போட்டவள், ஸ்பீக்கரை நினைக்கவில்லை.

குரல் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து செக்கனைத் தாண்டி, அவள் ஒருநாளும் கேட்டிராத இடத்தில்.

"...இந்தப் போன அரிசி மூட்டைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கேங்க. நல்லமுத்து மாமாவுக்கு மட்டும் தெரியவேணாங்க. போன தடவ அவருகிட்டச் சொல்லி அழுதேன். அவரு இந்த வீட்டுக்காரங்களுக்கே போன் பண்ணிச் சொல்லிட்டாரு. அதுக்குப் பெறகுதான் கையில சூடு வச்சாங்க. எங்க அம்மா கையில இதக் குடுத்துறாதீங்க, அது வெள்ளாந்தி, எல்லாரையும் கூப்புட்டு ஸ்பீக்கர்ல போட்டுரும். தங்கச்சிய மட்டும் தனியாக் கூப்புட்டுக் கேக்க வைங்க. ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேங்க."

பதிவு முடிந்தது. லயத்தில் ஒரு குழந்தை எதற்கோ சிணுங்கியது.

பிறகு பேச்சியம்மாவின் குரல் கேட்டது. "அண்ணே... நல்லமுத்து அண்ணே, எங்க போறீங்க? ஒங்க போன எடுத்துக்கிட்டு எங்க போறீங்க?"

"மறிங்க அவர! பிரேமினி, ஓடுங்க, போனப் புடுங்குங்க!" யூஜினா எழுந்து நின்று கத்தினாள். அந்தப் பக்கம் பிரேமினி ஓடுவதும், பெண்கள் கூச்சல்போடுவதும், எதுவோ தகரத்தில் மோதுவதும் கேட்டன. பிறகு இணைப்பு அறுந்துபோனது. திரும்பத் திரும்ப எடுத்தாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை.

அவள் கத்தியது ஞானரட்ணத்தின் காதுக்குக்கூட எட்டிவிட்டது. கையில் தேநீர்க் கோப்பையோடு எழுந்து வந்து அவளுக்குப் பின்னால் நின்றார். திரையைக் குனிந்து பார்த்தார். சிவப்பு ஒன்றும் இல்லாததைக் கண்டு அவர் முகம் மலர்ந்தது.

"என்ன புள்ள, வேல செய்யுதா?"

யூஜினாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைக்கவும் தோன்றவில்லை.

"செய்யுது சேர்," என்றாள். "நல்லா வேல செய்யுது."